சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க: பட்டியலில் டிக் அடிக்கும் முன்

"எங்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள். இரண்டாவது குழந்தையைத் தத்தெடுக்க நினைக்கிறோம். சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்றாலும் சம்மதம்தான். நிறுவனத்தில் நீளமான ஒரு பட்டியலைக் கொடுத்து, எந்தெந்தக் குறைபாடுகளை ஏற்பீர்கள் என்று டிக் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது? நேராகத் தத்தெடுப்பதா, இல்லை முதலில் தற்காலிக வளர்ப்புப் பெற்றோராக இருந்து பார்ப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தத்தெடுக்க வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து குழந்தைகளின் மருத்துவக் கோப்புகளைப் படிப்பது என் வேலை. அந்தப் பட்டியலைக் கையில் வாங்கியதும் அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். பேரைப் பார்த்துப் பயப்படுவார்கள், அல்லது பேரைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். 'எச்ஐவி' என்ற வரிக்கு வந்ததும் பேனா தானாக 'இல்லை'க்குப் போய்விடும். 'லேசான வளர்ச்சித் தாமதம்' என்றால், இது பரவாயில்லையே என்று டிக் விழும். வீட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தால் பல சமயம் கதை தலைகீழாக இருக்கும்.

எச்ஐவி உள்ள குழந்தைக்கு இன்று முக்கியமாகத் தேவைப்படுவது, மருந்தை ஒருநாளும் விடாமல் கொடுக்க ஓர் ஆள். ஒழுங்காகக் கொடுத்தால் ரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். குழந்தை மற்றவர்களைப் போலப் படிக்கும், விளையாடும், வளர்ந்து வேலைக்குப் போகும். கட்டிப்பிடிப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ யாருக்கும் தொற்றாது. இன்னொன்று, கைக்குழந்தையின் கோப்பில் 'பாசிட்டிவ்' என்று இருந்தால் எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள். கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை என்றால், அதில் தெரிவது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம். குழந்தையின் உடம்பில் அது 18 மாதம் வரைகூடத் தங்கும். வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனைதான் சரியான பதிலைச் சொல்லும். ஹெபடைடிஸ் சி விஷயத்திலும் இதே கதைதான்.

'வளர்ச்சித் தாமதம்' என்பதற்குள்ளோ எது வேண்டுமானாலும் இருக்கலாம். பேச்சுக் கொடுக்க ஆளில்லாததால் பேச்சு வராத குழந்தையும் அதில் வரும். தாயின் வயிற்றில் இருந்தபோது மதுவால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையும் அதில் வரும். முதல் குழந்தை ஒரு வீட்டுக்கு வந்த பிறகு மளமளவென்று முன்னேறலாம். இரண்டாவது குழந்தையின் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். அதிலும் முகத்தில் அடையாளம் தெரிவது சிலருக்குத்தான். மற்றவர்களைப் பள்ளியும் உறவும் 'எத்தனை தடவை சொன்னாலும் கேட்காத பிள்ளை' என்று திட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளைக்கோ, நேற்றுச் சொன்னது இன்று உண்மையிலேயே நினைவில் இருக்காது.

அதனால் நோயின் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் குழந்தையோடு ஒரு சாதாரண நாள் காலையிலிருந்து இரவு வரை எப்படிப் போகும் என்று கேளுங்கள். எத்தனை மணி நேர வேலை, அதை யார் செய்வது, ராத்திரி தூக்கம் உண்டா, எத்தனை வருடத்துக்கு? டிக் அடிப்பதா வேண்டாமா என்பது அங்கேதான் தெரியும்.

ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் பழகிவிடுவீர்கள். பள்ளியில் யார் செய்வார்கள்? கல்யாண வீட்டில் எந்த அறையில் செய்வீர்கள்? மூளையில் சேரும் நீரை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைத்திருந்தால், வாந்தியோ தலைவலியோ அசாதாரணத் தூக்கமோ வரும்போது அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விடக்கூடாது. லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமையும் இவர்களிடம் அதிகம், அதனால் பிறந்தநாளுக்கு ரப்பர் பலூன் கட்டமுடியாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானே, செய்யலாம்" என்று சொன்ன குடும்பங்களும் உண்டு. அதே குடும்பங்கள் ராத்திரி தூங்காத குழந்தையைத் தங்களால் சமாளிக்க முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டுமே நல்ல பதில்கள்தான்.

வளைபாதம் புகைப்படத்தில் பயமுறுத்தும். பொன்செட்டி முறையில் வாரம் ஒருமுறை மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் பாதத்தைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகள், அப்புறம் பலருக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு. பாதம் நேராகிவிடும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு காலணிகளையும் ஒரு கம்பியால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போதெல்லாம் போட்டுவிட வேண்டும். அழுகிறதே என்று நான்கு நாள் கழற்றி வைத்தால் பாதம் திரும்பவும் வளையத் தொடங்கும். ஆக, இரண்டு வயதுக் குழந்தையோடு தினமும் இரவு எட்டு மணிக்கு மல்லுக்கட்டும் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உதட்டுப் பிளவையும் அண்ணப்பிளவையும் 'ஒரு ஆபரேஷன், முடிந்தது' என்று நினைக்கிறார்கள். உதட்டை முதல் சில மாதங்களிலும் அண்ணத்தைச் சுமார் ஒன்று, ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வது வழக்கம். தத்துக்கு வரும் குழந்தைக்கு அது தாமதமாகியிருக்கலாம். பிறகு பேச்சுப் பயிற்சி, காதில் சேரும் நீர், பல் வரிசை, பத்து வயதை ஒட்டி ஈறில் எலும்பு வைப்பது என்று பதின்ம வயது வரை போகும். பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் முன்கூட்டியே திட்டமிடக்கூடியவை. தாலசீமியா என்ற ரத்த நோய் இன்னும் கறாரான கணக்கு: இரண்டிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், சேரும் இரும்புச் சத்தை வெளியேற்ற மருந்து கொடுக்க வேண்டும். மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா, மாதம் ஒருநாள் லீவு கிடைக்குமா என்பதுதான் அங்கே தீர்மானிக்கும்.

டவுன் சிண்ட்ரோம் குழந்தை என்றால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்பது முதல் கேள்வி. ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் மூன்றையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெருமூளை வாதம் என்றால், நடமாட்டத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் உள்ள குழந்தை ஓடியாடும், ஐந்தாவது நிலையில் தலையை நிமிர்த்தி வைக்கவே தாங்கு வேண்டும். நிலையைக் கேட்காமல் பெருமூளை வாதத்துக்குச் சரி என்றோ இல்லை என்றோ சொல்வதில் அர்த்தமே இல்லை.

காது கேளாமையில் பெரிய ஆபத்து காதில் இல்லை, மொழி இல்லாமல் கழியும் வருடங்களில் இருக்கிறது. நான்கு வயது வரை பேச்சும் இல்லாமல் சைகை மொழியும் இல்லாமல் இருந்த குழந்தை வந்தால், கேட்பதற்காகக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவிக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே குடும்பத்தோடு சைகை மொழி வகுப்பில் சேருங்கள். அது பேச்சைக் கெடுக்கும் என்ற பயம் தேவையற்றது.

சரி, கோப்புக்கு வருகிறேன். அதை எழுதியவர் அவசரத்தில் எழுதியிருக்கலாம்; கூட்டியும் எழுதியிருக்கலாம், குறைத்தும் எழுதியிருக்கலாம். நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத ஒரு குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு நாளின் எடையையும் உயரத்தையும் பார்ப்பதைவிட, பல மாத அளவுகளை வரிசையாகப் பார்ப்பது உதவும். காப்பகத்தில் இருக்கும் குழந்தைகள் தோராயமாக மூன்று மாதத்துக்கு ஒரு மாத வளர்ச்சியை இழக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உயரமும் எடையும் வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலும் மீண்டுவிடும். தலைச் சுற்றளவு மட்டும் தொடர்ந்து பின்தங்கியே இருந்தால் அது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம். கோப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, குழந்தையைத் தினமும் குளிப்பாட்டும் ஆயாவோடு அரை மணி நேரம். அவரிடம் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள். "விழுந்தால் யாரிடம் ஓடுவான்? எதற்குச் சிரிப்பான்? எப்படித் தூங்க வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். 'யாரிடமும் ஓடமாட்டான், ரொம்பச் சமத்து' என்று பதில் வந்தால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் பட்டியலில் இல்லாத ஒரு குறைபாடு, தத்துக்கு வரும் பெரும்பாலான குழந்தைகளிடம் ஏதோ ஓர் அளவில் இருக்கும். தனக்கென்று ஓர் ஆள் இல்லாமல் கழிந்த காலத்தின் விளைவு அது. கையில் வந்து சேரும் குழந்தைக்கு உதட்டுப் பிளவு ஒன்றுதான் பிரச்சினை என்று நினைத்துத் தயாரான பெற்றோரைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் உதடல்ல, இதுதான்.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு ருமேனியாவிலிருந்து வந்தது. 1989-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது காப்பகங்களில் ஏராளமான குழந்தைகள் அடைந்து கிடந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன 165 குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். காப்பகத்தில் ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள் பிரிட்டனிலேயே பிறந்து தத்துப் போன குழந்தைகளைப் போலவே பெரும்பாலும் வளர்ந்தார்கள். அதற்கு மேல் இருந்தவர்களில் பலருக்குக் கவனச் சிதறல், ஆட்டிசம் போன்ற நடத்தை, அந்நியரிடமும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது ஆகியவை பல வருடம் நீடித்தன. ஆனால் அவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவரிடம் எந்தக் கட்டத்திலும் பிரச்சினை தென்படவில்லை. கோப்பைப் பார்த்து ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இது போதும்.

இன்னொரு ஆய்வு உங்கள் இரண்டாவது கேள்விக்கும் நேராகச் சம்பந்தப்பட்டது. சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா மூவரும் 2000-இல் புக்கரெஸ்ட் நகரில் அதைத் தொடங்கினார்கள். காப்பகங்களில் இருந்த, 6 மாதம் முதல் 31 மாதம் வரையான 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் கூடியது, பாசப் பிணைப்பு உருவானது, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. சுமார் இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் பலன் அதிகம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. இவர்கள் போனது தத்து வீடுகளுக்கு அல்ல, வளர்ப்புக் குடும்பங்களுக்கு என்பதைக் கவனியுங்கள். குழந்தைக்குப் பலன் தந்தது சட்டப் பத்திரம் அல்ல, தினமும் அதே முகம்.

வீட்டில் இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். மூன்று வயதுப் பையன் முற்றத்தில் ஓடும்போது கல் தடுக்கி விழுகிறான். முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. அழவில்லை. ஒருதரம் குனிந்து பார்க்கிறான், சட்டை நுனியால் துடைக்கிறான், மறுபடி ஓடுகிறான். அம்மா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்திருந்த விருந்தாளிகள் "என்ன தைரியமான பிள்ளை" என்கிறார்கள். அது தைரியம் அல்ல. அழுதால் யாராவது வருவார்கள் என்பதை அந்தக் குழந்தை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட குழந்தை அழாவிட்டாலும் நீங்கள் போய்த் தூக்க வேண்டும், "வலிக்குமே" என்று அவனுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டும், கழுவி மருந்து போட வேண்டும். நூறு தடவை செய்த பிறகு ஒருநாள் சின்னக் கீறலுக்கு ஊரைக் கூட்டி அழுவான். அன்றைக்கு நீங்கள் சந்தோஷப்படலாம்.

அதே பையன் சாப்பாட்டில் பாதியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பான். திட்டுவதிலும் அலமாரியைப் பூட்டுவதிலும் பயனில்லை, பயம்தான் கூடும். அவன் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் போட்டு அவன் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். 'தனியாக அறையில் போய் உட்கார்' என்ற தண்டனையையும் மறந்துவிடுங்கள். ஏற்கெனவே கைவிடப்பட்ட குழந்தைக்குத் தனியே அனுப்புவது பாடம் ஆகாது. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோபம் தணியக் காத்திருப்பதே வழி.

முதல் இரண்டு, மூன்று மாதம் சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, தூக்கிக் கொஞ்சுவது எல்லாவற்றையும் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். தாத்தா பாட்டிக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருக்கும். காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால், சமையலையும் துணி துவைப்பதையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதுதான் அப்போது பெரிய உதவி. முதல் சில வாரம் எல்லாம் அருமையாகப் போய், அப்புறம் திடீரென்று கத்தலும் கடியும் தொடங்கினால் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். குழந்தை கொஞ்சம் நம்பத் தொடங்கிய பிறகுதான் உள்ளே இருப்பதை வெளியே விடும். இன்னொரு விஷயம், பிரசவித்த தாய்க்கு வருவது போன்ற மனச்சோர்வு தத்தெடுத்த தாய்க்கும் வரும், அப்பாவுக்கும் வரும். இவ்வளவு ஆசைப்பட்டு எடுத்துவிட்டு எப்படிச் சொல்வது என்று மறைப்பதுதான் ஆபத்து.

இப்போது தத்தா, வளர்ப்புப் பராமரிப்பா என்பது. 'முதலில் வைத்துப் பார்ப்பது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணத்தோடு வளர்ப்புப் பராமரிப்புக்குப் போகாதீர்கள். அது தத்துக்கு முன்னோட்டம் அல்ல. பெற்றவர்கள் கொஞ்ச காலம் வளர்க்க முடியாத நிலையில் இருக்கும்போது, அவர்கள் தேறி வரும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாலும் அதன் நோக்கம். உலகம் முழுவதும் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த 2006 ஐ.நா. உடன்படிக்கையின் 23-வது பிரிவு, குழந்தையின் குறைபாட்டையோ பெற்றோரின் குறைபாட்டையோ காரணம் காட்டிப் பிரிக்கக்கூடாது என்றே சொல்கிறது. ஆகவே வளர்ப்புப் பெற்றோராகும் நீங்கள், குழந்தை தன் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்காகவும் உழைக்க வேண்டும். பெற்ற தாய் பார்க்க வரும் நாளில் குழந்தைக்கு நல்ல சட்டை போட்டு அனுப்ப வேண்டும். பெரிய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் பெரும்பாலும் உங்களிடம் இருக்காது, பெற்றோரிடமோ குழந்தைகள் நல அதிகாரிகளிடமோ இருக்கும். இதெல்லாம் உங்களுக்குச் சம்மதம் என்றால் அது மகத்தான வேலை. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட வீடுகள் எப்போதும் பற்றாக்குறைதான். உங்களுக்கு வேண்டியது இன்னொரு மகனோ மகளோ என்றால், தத்துக்கே போங்கள்.

அனுபவம்தான் வேண்டும் என்றால் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு ஓய்வு கொடுக்க, வார இறுதியில் ஓரிரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குத் திரும்பிப் போக வீடு இருக்கிறது, உங்களுக்கும் ராத்திரி மூன்று மணி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

உங்கள் மகளைப் பற்றிச் சுருக்கமாக. வரும் குழந்தை அவளைவிடச் சிறியதாக இருப்பது நல்லது. 'இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வாக்கியம் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரவேண்டாம். வாரத்தில் ஒரு பொழுது அவளோடு மட்டும் ஒருவர் வெளியே போய் வாருங்கள். அவளுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், அதைச் சொல்ல விடுங்கள்.

பணத்தையும் பார்த்துவிடுங்கள். சிகிச்சைச் செலவைவிட, இருவரில் ஒருவர் வேலையைக் குறைக்க வேண்டி வந்தால் ஏற்படும் இழப்புதான் பெரும்பாலும் பெரிது. மருத்துவக் காப்பீடு தத்துக் குழந்தையின் ஏற்கெனவே உள்ள நோயை முதல் நாளிலிருந்தே ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சுயமாக முடிவெடுக்க முடியாத குழந்தை என்றால், 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளர் யார், உங்களுக்குப் பின் யார், சொத்தை நேரடியாக எழுதி வைப்பதா அறக்கட்டளை வழியாகவா என்று ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுவிடலாம். குழந்தை வந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

பட்டியலை நீங்கள் இருவரும் தனித்தனியாக நிரப்புங்கள், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல். அப்புறம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் 'சரி', மற்றவர் 'இல்லை' என்று எழுதிய வரிகளில் 'இல்லை'தான் செல்லும். பேசிப் பேசிக் கரைத்து வாங்கிய 'சரி' இரண்டாவது வருடம் தாங்காது. "புண்ணியம்தானே" என்று சொல்லிக்கொண்டு டிக் அடித்த வரி ஏதாவது இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். நன்றிக்கடனோடு வளர எந்தக் குழந்தைக்கும் விருப்பம் இருக்காது. நாளைக்கு ஒரு குறிப்பிட்ட குழந்தையின் கோப்பு வந்து, படித்துவிட்டு முடியாது என்று தோன்றினால் அன்றோ மறுநாளோ சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் குழந்தைக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. குற்ற உணர்வில் மூன்று வாரம் பதில் சொல்லாமல் இருந்தால்தான் இழப்பு, ஏனென்றால் அதுவரை அந்தக் கோப்பு பெரும்பாலும் வேறு குடும்பத்துக்குப் போகாது.